எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு பெரிய கடற்காக்கை

ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கடற்காக்கை புதிதில்லை. ஐப்பசி மழையோடு வரும், பங்குனி வெயில் ஏறினால் போய்விடும். விசைப்படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில் பின்னாலேயே வெள்ளையாக ஒரு கூட்டம் பறந்து வரும். வலையிலிருந்து உதறிப் போடும் பொடி மீனுக்குச் சண்டை போடும். அந்தக் கத்தலைக் கேட்டே படகு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு எங்கள் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஆனால் அந்தப் பறவையை யாரும் நின்று பார்த்ததில்லை. நானும்தான்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். 1976ல் சேர்ந்து 2010ல் ஓய்வு பெற்றேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணுவது வேலை. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். 34 வருஷம் கோடு போட்ட கை சும்மா இருக்காது. 2017ல் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தால் எதிர்வீட்டு ஓட்டில் நிற்கும் மைனாவின் மஞ்சள் அலகு அத்தனை துல்லியமாகத் தெரிந்தது. அதற்கு மறுமாதம் என் மகள் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மூட்டைக்குப் பதிலாகப் பறவையை எண்ணுகிறேன்.

இந்தக் கதை 2019 டிசம்பரில் நடந்தது.

முகத்துவாரத்தில் அந்தக் காலை

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தை எண்ணூர்க்காரர்கள் முகத்துவாரம் என்பார்கள். ஒரு பக்கம் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம். எதிர்ப்பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீர் வற்றும் நேரத்தில் வாய்ப்பகுதியில் ஒரு மணல்திட்டு தலை காட்டும். பனிக்காலத்தில் கடற்காக்கையும் ஆலாவும் அந்தத் திட்டில்தான் இளைப்பாறும். கடலில் இரை தேடிவிட்டு வந்து, எல்லாம் காற்றடிக்கும் திசையைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும்.

நெட்டுக்குப்பத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. என்னைவிட மூன்று வயது பெரியவர். ஓடையில் இறால் பிடித்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அன்று காலை ஏழு மணிக்கு அவர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, நான் திட்டில் இருந்த கடற்காக்கைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தாண்ட பாரு. பெருசு ஒண்ணு குந்திகினு கீது."

பார்த்தேன். கூட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒன்று தனியாக நின்றது. மற்றவை அதன் தோள் உயரம்கூட வரவில்லை. சுற்றிலும் இரண்டடிக்கு எதுவும் அண்டவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அதற்கு முந்தின மாதம்தான் புத்தகத்தில் பெரிய கடற்காக்கைகளைப் பற்றிப் படித்திருந்தேன். முதுகு கறுத்துத் தெரிந்தது. சரி, ஹியூக்ளின்தான் என்று முடிவு செய்தேன். நோட்டில் 'ஹியூக்ளின் கடற்காக்கை: 1' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு படகு திட்டை ஒட்டிப் போக, மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. பெரியது கடலுக்குள் போய் மறைந்தது.

அன்று சாயங்காலமே பறவை பார்க்கும் ஒரு கல்லூரி மாணவருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டான்.

"அங்கிள், முதுகு வெளிர் சாம்பலா, ஸ்லேட்டு மாதிரி கருஞ்சாம்பலா?"

"கருஞ்சாம்பல்தாம்பா."

"சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. காலை ஏழு மணி. நான் கரையில் நின்று கிழக்கே கடலைப் பார்க்கிறேன். சூரியன் நேரே என் முகத்தில். அந்த வெளிச்சத்தில் வெள்ளை வேட்டிகூடக் கறுப்பாகத்தான் தெரியும்.

"அலகு நுனியில கறுப்பு வளையம் ஏதாவது? கண்ணைச் சுத்தி மை தீட்டின மாதிரி? கால் என்ன கலர்? பறக்கும்போது இறக்கை நுனி கறுப்பா, வெள்ளையா?"

ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எழுதவில்லை. "பரவாயில்ல அங்கிள், பெரிய கடற்காக்கை ஒண்ணுன்னு மட்டும் வச்சுக்கலாம்" என்றான். அவன் சொன்னது நியாயம். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஏன் வெட்கம் என்று துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். கப்பல் தஸ்தாவேஜில் 'அரிசி 500 மூட்டை' என்று யாரும் எழுதமாட்டார்கள். '500 சாக்கு, உள்ளே அரிசி இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதுவார்கள். 'செட் டு கண்டெய்ன்' என்பது அதன் ஆங்கில வாசகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் சீனியர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "தம்பி, நீ பார்த்தது சாக்கு. அரிசியை நீ பார்க்கலை. பார்த்ததை மட்டும் எழுது." 34 வருஷத்தில் பிரித்துப் பார்க்காத ஒரு மூட்டையை நான் அரிசி என்று எழுதியதில்லை. ஆனால் ஒரு பறவையை ஒரே நிமிஷத்தில் ஹியூக்ளின் என்று எழுதிவிட்டேன்.

கோட்டை டாக்டர் அனுப்பிய படங்கள்

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பறவைகளையெல்லாம் இன்னது இன்னது என்று முதலில் பிரித்தவர்கள் யார், அவர்கள் எதை வைத்துப் பிரித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் கதை நம் ஊரிலேயே வந்து நின்றது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1700ஐ ஒட்டிய வருஷங்களில் எட்வர்ட் பக்லி என்று ஒரு டாக்டர் இருந்தார். கம்பெனி ஆட்களுக்கு வைத்தியம் பார்த்தது போக, இந்தப் பக்கத்துச் செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேகரித்து லண்டனில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெடிவர் என்பவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் மெட்ராஸ் பறவைகளின் படங்களும் இருந்தன. அந்தப் படங்களையும் குறிப்புகளையும் ஜான் ரே என்ற பெரிய இயற்கை அறிஞரின் பறவைப் புத்தகத்தில் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். ரே 1705லேயே காலமாகிவிட்டார். புத்தகம் 1713ல் வெளிவந்தது. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று அது. பட்டியலுக்குத் தலைப்பே மெட்ராஸ் பறவைகள் என்றுதான். கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரன் சொன்ன நம் ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் வரைந்த படங்கள், முன்னூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் அச்சகத்துக்குப் போயிருக்கின்றன. வரைந்தவர் பெயர்தான் அச்சில் இல்லை.

மெட்ராஸில் அச்சான பெயர்

அடுத்து வருபவர் ஜெர்டன். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், 1811ல் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் உதவி சர்ஜனாக 1836ஐ ஒட்டி இங்கே வந்தார். பட்டாளத்தோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். பிறகு நம் பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தார். போன இடமெல்லாம் பறவை. தான் பார்த்ததையெல்லாம் தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலாகத் தொடர்ந்து எழுதினார். அது வெளிவந்த இடம் லண்டன் இல்லை, மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்டு சயின்ஸ் என்ற நம் ஊர்ப் பத்திரிகை. அதை நடத்தியது 1812ல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இன்றும் அந்த நூலகம் இருக்கிறது.

அந்தப் பத்திரிகையில் 1840ல் ஜெர்டன் ஒரு கடற்காக்கையை விவரித்துப் புதிய பெயர் வைத்தார்: லாரஸ் புரூன்னிசெஃபாலஸ். பழுப்புத் தலை என்று பொருள். அவர் பார்த்த பறவை மேற்குக் கடற்கரையைச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெயர் உலகத்துக்கு வந்தது மெட்ராஸ் அச்சில்.

இது எந்தப் பறவை தெரியுமா? காசிமேட்டில் படகுக்குப் பின்னால் கத்திக்கொண்டு வருகிறதே, அதேதான். என் அம்மா கூடையை எடுக்கக் காரணமாக இருந்த பறவை. இன்றும் அறிவியல் புத்தகங்களில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'ஜெர்டன், 1840' என்று இருக்கும். இதைப் படித்தபோது மணி இரவு ஒன்று. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

ஜெர்டன் செய்தது சின்னக் காரியம் இல்லை. ஐரோப்பாவில் கருந்தலைக் கடற்காக்கை என்று ஒன்று உண்டு. 1766லேயே லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். பெயர்தான் கருந்தலை, உண்மையில் கோடைகாலத்தில் அதன் தலை காபிக்கொட்டை நிறம். பனிக்காலத்தில் இந்த இரண்டு பறவைக்கும் தலை வெள்ளைதான். காதுப் பக்கம் ஒரு மைப்பொட்டு மட்டும் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்தவர், இது நம் ஊர்ப் பறவைதானே என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நான் செய்த மாதிரி. ஜெர்டன் நின்று பார்த்தார். நம் பறவை கொஞ்சம் பெரியது. அதன் கண் வெளிறியது, மற்றதற்குக் கறுப்பு. நம்முடையதன் கறுத்த இறக்கை நுனியில் இரண்டு வெள்ளைப் புள்ளி, சின்னக் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி இருக்கும். மற்றதற்கு இறக்கையின் முன்விளிம்பு நீளமாக வெள்ளை. இன்றைக்கும் இரண்டையும் பிரிக்க இவைதான் அடையாளம்.

1840களில் ஜெர்டன் மெட்ராஸிலேயே ஐம்பது வண்ணப் படங்களோடு ஒரு பறவை நூலும் கொண்டுவந்தார். அதில் பெரும்பாலான படங்களை வரைந்தவர்கள் நம் ஊர் ஓவியர்கள். பிறகு 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெரிய நூல் கல்கத்தாவில் வெளிவந்தது. 1872ல் காலமானார்.

காஸ்பியன் கடற்கரையில்

மாணவர் கேட்ட கேள்விகளில் கறுப்பு வளையமும் கண் மையும் எதற்கு என்று அடுத்த நாள் பார்த்தேன். அவை வேறு ஒரு பெரிய கடற்காக்கைக்கான அடையாளங்கள். ஆங்கிலத்தில் பல்லாஸ் கல். பழைய புத்தகங்களில் பெரிய கருந்தலைக் கடற்காக்கை. ('கல்' என்று சொன்னதும் நண்பர், "கல்லா? பறக்குற கல்லா சார்?" என்று சிரித்தார். நமக்கு அந்த ஆங்கிலப் பெயர் ஒட்டாது.)

பல்லாஸ் பெர்லினில் பிறந்த ஜெர்மானியர். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரின் அழைப்பில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனவர். 1768 முதல் 1774 வரை ஆறு வருஷம் ரஷ்யாவின் உள்நாடுகளைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் காஸ்பியன் கடல் பக்கம் பார்த்த இந்தப் பறவையை 1773ல் விவரித்து இக்தியேட்டஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் மீன் கழுகு என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற உருவம்தான். பழுப்புத்தலை சுமார் 42 சென்டிமீட்டர் நீளம் என்றால் இது 60லிருந்து 70 சென்டிமீட்டர். இறக்கையை விரித்தால் அஞ்சரை அடி வரைக்கும் வரும்.

இரண்டும் மத்திய ஆசியாவிலிருந்து வருகின்றன. பழுப்புத்தலை திபெத், லடாக் மாதிரி உயரமான இடங்களின் ஏரிகளில் முட்டையிடும். பெரியது காஸ்பியன் தொடங்கி கசகஸ்தான், மங்கோலியா வரைக்கும் உள்ள ஏரித் தீவுகளில். சீனாவின் சிங்ஹாய் ஏரியில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கும். 2005ல் பறவைக் காய்ச்சல் வந்து அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. வரித்தலை வாத்தோடு இந்த இரண்டு கடற்காக்கையும் அதில் அடக்கம். அந்தச் செய்தியை அப்போதே பேப்பரில் படித்திருக்கிறேன். எங்கோ சீனாவில் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அந்த இனம்தான் நம் காசிமேட்டுக்கு வருகிறது என்று அப்போது தெரியாது.

பழுப்புத்தலை நம் கரைக்கு நூற்றுக்கணக்கில் வரும். பெரியது ஒன்றிரண்டாகத்தான். பழவேற்காடு ஏரிப் பக்கம் பார்க்கிறவர்கள் அதிகம். எண்ணூரில் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். நான் அவசரப்பட்டு எழுதிய ஹியூக்ளினும் அபூர்வம்தான். அது வடக்கு ரஷ்யாவின் துந்திரா நிலத்திலிருந்து வருவது. தியோடர் ஃபான் ஹியூக்ளின் என்ற ஜெர்மன் பயணியின் பெயரை 1876ல் வைத்தார்கள். பழைய புத்தகத்தில் அதை ஹெர்ரிங் கடற்காக்கையின் ஒரு வகை என்றார்கள், பிறகு தனி இனம் என்றார்கள், இப்போது கருமுதுகுக் கடற்காக்கையின் ஒரு வகை என்கிறார்கள். பண்டிதர்களுக்கே இத்தனை சந்தேகம் இருக்கும் பறவையை நான் ஒரு நிமிஷத்தில் தீர்த்திருக்கிறேன்!

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

ஜெர்டன் காலத்தில் பறவையைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும். தோல்தான் சாட்சி. கையில் இருக்கும் பறவையை அளக்கலாம், இறகை எண்ணலாம். அதனால் அவர்கள் எழுதியது துல்லியமாக இருந்தது. பறவைக்குத்தான் நஷ்டம்.

பிறகு பைனாகுலர் வந்தது. 1941ல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தபோது, சுடாமல் பார்த்தே பெயர் சொல்லலாம் என்ற பழக்கம் சாதாரண ஜனங்களுக்கும் வந்தது. அவரும் டில்லன் ரிப்ளியும் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968ல் வரத் தொடங்கியது. கடற்காக்கைகள் அதன் மூன்றாம் தொகுதியில் இருக்கின்றன. நம் ஊரில் 1978ல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி ஆரம்பித்தார்கள். தமிழில் பெயர் வேண்டுமே என்று க. ரத்னம் போன்றவர்கள் ஊர் ஊராகப் பறவைப் பெயர்களைத் தொகுத்தார்கள். இப்போது கேமரா காலம். போட்டோ இருந்தால் பத்து நிமிஷத்தில் பத்துப் பேர் பெயர் சொல்லிவிடுகிறார்கள்.

என்னிடம் கேமரா கிடையாது. அப்படியானால் என் சாட்சி எது? நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதில் நான் பார்த்ததை எழுதினால் அது சாட்சி. நான் நினைத்ததை எழுதினால் அது வெறும் சீட்டு. டிசம்பர் மாதத்து வரியை அடிக்காமல், பக்கத்திலேயே சிவப்பு மையில் 'ஹியூக்ளின் என்று சொல்லப்படுவது' என்று எழுதி வைத்தேன்.

மாசி வெயிலில்

அதன்பிறகு வாரம் இரண்டு நாள் முகத்துவாரம் போனேன். காலையில் இல்லை, மூன்று மணிக்கு மேல். அப்போதுதான் சூரியன் முதுகுப் பக்கம், மேற்கே இருக்கும். கடலோரம் பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்திமதி இதுதான்: நம் கரை கிழக்குக் கரை, சாயங்காலம் பாருங்கள்.

ஜனவரி முழுக்க ஒன்றும் இல்லை. பொங்கல் போனது, தைப்பூசம் போனது. நண்பர் சும்மா இருப்பாரா? "இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி டெய்லி வந்து குந்திக்கிற?" என்பார். சிரிப்பாரே தவிர, வலை இழுத்து வரும்போதெல்லாம் திட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

பிப்ரவரி இரண்டாவது வாரம். நாலு மணி வெயில் திட்டு முழுக்க விழுந்திருந்தது. நூற்று நாற்பது பழுப்புத்தலைகளுக்குக் கோடு போட்டு முடித்தேன். எல்லாம் இன்னும் வெள்ளைத் தலையோடுதான் இருந்தன. அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு கரிய தலை.

இந்த முறை பெயர் எழுதவில்லை. நோட்டைத் திறந்து பார்த்ததை வரிசையாக எழுதினேன். உயரம்: பக்கத்தில் நிற்பதைப் போல ஒன்றரை மடங்கு. முதுகு: வெளிர் சாம்பல். தலை: கழுத்துவரை நல்ல கறுப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை. நெற்றி: சரிவாக இறங்கி நீண்ட அலகில் சேர்கிறது. அலகு: மஞ்சள், நுனிக்கு முன்னால் கறுப்பு வளையம், அதையொட்டிச் சிவப்பு. கால்: மஞ்சள். காத்திருந்தேன். இருபது நிமிஷம் கழித்து அது இறக்கையை விரித்து எழும்பியது. எழுதினேன்: இறக்கை நுனி பெரும்பாலும் வெள்ளை, ஓரத்தில் கறுப்புத் திட்டுகள்.

பக்கம் நிறைந்துவிட்டது. மாணவருக்குப் போன் செய்து, என்ன பறவை என்று சொல்லாமல், பக்கத்தை அப்படியே வாசித்தேன். பாதியிலேயே, "அங்கிள்! பல்லாஸ்!" என்று கத்தினான். ஹியூக்ளினுக்கு முதுகு கருஞ்சாம்பல், அலகின் கீழ்ப்பகுதியில் சிவப்புப் பொட்டு மட்டும்தான், தலை எந்தக் காலத்திலும் கறுக்காது. பெரிய கருந்தலை மற்ற கடற்காக்கைகளுக்கு முன்னாலேயே, தை மாசி வாக்கிலேயே தலை கறுத்துவிடும். டிசம்பரில் கண்ணைச் சுற்றி மைக்கறை மட்டும்தான் இருக்கும். அதைத்தான் அவன் அன்றைக்குக் கேட்டிருக்கிறான்.

டிசம்பரில் பார்த்ததும் இதே பறவைதானா? சத்தியம் செய்யமாட்டேன். இருக்கலாம். நோட்டில் டிசம்பர் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

நண்பரிடம் காஸ்பியன், பல்லாஸ், கேதரின் ராணி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கப்பா காலத்துல பத்து இருவது வரும் சார். வலைகிட்ட வந்துச்சுன்னா மீன் கீதுன்னு அர்த்தம். பேருல்லாம் யாரும் வைக்கல, பெருசுன்னுதான் சொல்லுவோம்" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், அவர் சொன்னது என்று குறிப்பிட்டு.

அந்தத் திட்டு

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் கடற்காக்கைகள் கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை.

பழைய ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நம் கரை நின்ற இடத்தில் நிற்கும் கரை இல்லை. 1875ல் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கிலிருந்து கடலோரமாக வரும் மணல் அந்தச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் உள்ளே வந்தது. கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். மணற்கரை என்று நிஜமாக மிஞ்சியிருப்பதில் எண்ணூர் முகத்துவாரமும் ஒன்று. அங்கேயும் ஓடையில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2017 ஜனவரி 28ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை ஆட்கள் வாளியில் அள்ளியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் ஓடைக்குள் வந்தது. அந்த வாரம் நான் போனேன். படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. கூழைக்கடா ஒன்று மார்பெல்லாம் எண்ணெயோடு கல்மேல் நின்றது. நண்பர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் வலையைத் தொடவே முடியவில்லை. "பெருசு வந்துச்சாண்ணே?" என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது?

அதற்கப்புறமும் ஒவ்வொரு பனிக்காலமும் போகிறேன். பழுப்புத்தலைகள் வருகின்றன. பெரிய கருந்தலையை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

டாலி ஷீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கு வராவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, 'நில்' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் அன்றைக்கு யாருமே எண்ணவில்லை என்று அர்த்தம். 'நில்' என்று இருந்தால் ஒருவன் அங்கே நின்று பார்த்தான், சரக்குதான் வரவில்லை என்று அர்த்தம். பெரிய கருந்தலை என்ற கட்டத்தில் நாலு வருஷமாக 'நில்' என்று எழுதி வருகிறேன். நாளைக்கும் வெயில் சாய்ந்ததும் கிளம்ப வேண்டும். யாருக்காவது கூட வர விருப்பம் என்றால் மூன்று மணிக்கு நெட்டுக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் இருப்பேன்.